சிறைக்கதவின் திறவுகோல்

நுழையும்முன்

ஐயப்படுபவர் ஒருவர், விசாரிப்பவர் மற்றொருவர், தீர்ப்பளிப்பவர் வேறொருவர். நீதியின் நடைமுறை இவ்வாறு பிரிந்திருப்பதற்குக் காரணம் உண்டு. இம்மூன்று பணிகளும் ஒரே அதிகாரியிடம் சேர்ந்தால் குடிமகனின் உரிமை என்னவாகும்? சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச் 13 அன்று வழங்கிய தீர்ப்பு இவ்வினாவுக்கு விடை கூறுகிறது.

வருமுன் காக்கும் சட்டம்

காஞ்சிபுரத்தை அடுத்த தாமல், பரந்த ஏரியைக் கொண்ட ஊர். அவ்வேரி நீரை வயலுக்குப் பாய்ச்சுவதில் இரு குடும்பத்தாரிடையே பூசல் எழுந்ததாகக் கற்பனை செய்துகொள்வோம். கைகலப்பு எதுவும் இன்னும் நிகழவில்லை. ஆயினும் நிகழக்கூடும் எனக் காவல்துறை கருதுகிறது. அந்நிலையில் என்ன செய்வது?

குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1973 இதற்கு வழி வகுத்திருந்தது. அதன் 107ஆம் பிரிவின்படி, ஓராண்டுக்கு மிகாத காலம் அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதித் தருமாறு ஒருவருக்கு ஆணையிடலாம். வழக்கமாகக் குற்றம் புரிபவர்களிடம் 110ஆம் பிரிவின்படி மூன்றாண்டுக்கு மிகாத காலத்திற்கு நன்னடத்தைப் பத்திரம் பெறலாம். குற்றம் நிகழ்ந்தபின் தண்டிப்பதைவிட அதனை முன்னரே தடுப்பது நன்று என்பதே இப்பிரிவுகளின் நோக்கம். இவ்வகைத் தடுப்பு நடவடிக்கைகள் அரசமைப்புக்கு உட்பட்டவையே என 1970இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் தீர்ப்பளித்துள்ளது.

பத்திரத்தை மீறினால்?

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. அமைதி காப்பதாக எழுதிக்கொடுத்தவர் அதனை மீறினார் என மெய்ப்பிக்கப்பட்டால், பத்திரக் காலத்தில் எஞ்சிய நாள்கள் முழுவதும் அவரைச் சிறையில் வைக்க 122ஆம் பிரிவு இடமளித்தது. ஓராண்டுக்குப் பத்திரம் எழுதியவர் இரண்டு மாதம் கழிந்தபின் மீறியதாகக் கண்டறியப்பட்டால், எஞ்சிய பத்து மாதமும் அவர் சிறையில் கழிக்க நேரிடும். தறியில் அமர்ந்தால்தான் கூலி என்னும் நிலையிலுள்ள நெசவாளர் ஒருவருக்கு இது நேர்ந்தால் அவர்தம் குடும்பமே நிலைகுலையும்.

அவ்வாறு சிறைக்கு அனுப்பும் அதிகாரம் யாருடையது? நம் நாட்டில் நடுவர்கள் இருவகையினர். உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இயங்குபவர் நீதித்துறை நடுவர். சார் ஆட்சியர், வருவாய்க் கோட்டாட்சியர் முதலிய அரசு அலுவலர்கள் நிர்வாக நடுவர்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் வரி தண்டும் ஆட்சியரே நடுவராகவும் விளங்கினார். விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் 50ஆம் உறுப்பு, நீதித்துறையை நிர்வாகத்துறையிலிருந்து பிரித்தல் வேண்டும் என வழிகாட்டுகிறது.

தமிழ்நாட்டிலோ, 2013, 2014ஆம் ஆண்டுகளின் அரசாணைகள் வழியாகக் காவல் துணை ஆணையர்களுக்கும் நிர்வாக நடுவருக்குரிய இவ்வதிகாரம் வழங்கப்பட்டது. இதனால் மாநகரங்களில், தமக்குக் கீழுள்ள காவல் நிலையம் அனுப்பும் அறிக்கையின்மீது காவல் அதிகாரியே விசாரணை நடத்தி, சிறைக்கும் அனுப்பும் நிலை உருவானது. இது குறித்து உயர் நீதிமன்றத்திலேயே மாறுபட்ட கருத்துகள் நிலவியமையால் இவ்வழக்கு இரு நீதிபதிகள் அமர்வின் முன் வந்தது.

தீர்ப்பின் சாரம்

நீதிபதிகள் என். சதீஷ்குமார், என். ஆனந்த் வெங்கடேஷ் ஆகியோர் அடங்கிய அமர்வு, காவல் துணை ஆணையர்களுக்கு அதிகாரமளித்த அரசாணைகள் அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டுக்கு முரணானவை எனக் கூறி அவற்றைச் செல்லாதவையாக்கியது. அமைதிப் பத்திரம் மீறப்பட்டால் நிர்வாக நடுவர் தாமே சிறைத்தண்டனை விதித்தல் ஆகாது. நீதித்துறை நடுவர் முன் கொண்டுசெல்லப்பட்டு, அவர் விசாரித்தே முடிவு செய்தல் வேண்டும் எனவும் அறிவித்தது. மேலும், 122ஆம் பிரிவின் அப்பகுதி அமைதிப் பத்திரத்தை மட்டுமே சுட்டுவதால், நன்னடத்தைப் பத்திர மீறலுக்கு அதனைப் பயன்படுத்த இயலாது எனத் தெளிவுபடுத்தியது.

மாநகரங்களில் வன்முறையாளர்களை அடக்க விரைவான நடவடிக்கை தேவை என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் இத்தீர்ப்பு தடுப்பு நடவடிக்கைகளை நீக்கவில்லை. நிர்வாக நடுவர் இன்றும் பத்திரம் கேட்கலாம். பத்திரக் காலத்தில் ஒருவர் புதிய குற்றம் செய்தால் அதற்குரிய வழக்கும் தொடரலாம். விடுதலையைப் பறிக்கும் இறுதி முடிவை மட்டுமே நீதிமன்றத்தின் கையில் தீர்ப்பு ஒப்படைத்தது.

புதிய சட்டமும் பழைய வினாவும்

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய 107, 110, 122ஆம் பிரிவுகள் இதில் முறையே 126, 129, 141 என எண் மாறியுள்ளன. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியைச் சிறப்பு நிர்வாக நடுவராக நியமிக்கவும் இதன் 15ஆம் பிரிவு மாநில அரசுக்கு இடமளிக்கிறது. எனவே, காவல் பணியும் நடுவர் பணியும் ஒருவரிடமே சேரலாமா என்னும் வினா முடிந்துபோன ஒன்றன்று, இனியும் எழக்கூடியது.

அதிகாரி நல்லவராக இருக்கலாம்; அவர்தம் ஐயம் உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் ஐயுற்றவரே தீர்ப்பளித்தால், அவ்வையத்தைச் சோதித்துப் பார்க்க எவரும் இலர். சிறைக்கதவின் திறவுகோலை நடுநிலையாளரிடம் ஒப்படைத்தலே குடிமக்கள் அனைவருக்கும் பாதுகாப்பாகும்.