கிராங்கும் அச்சும் ஜோடி சேர வேண்டும்

பெடலை மிதிக்கும்போது காலடியில் 'டக்... டக்...' என்று சத்தம் வருகிறதா? மேடு ஏறும்போது அந்தச் சத்தம் கூடுகிறதா? அப்படியானால் சைக்கிளை விட்டு இறங்குங்கள். குனிந்து கிராங்கைப் பாருங்கள்.

பெடலைத் தாங்கும் கைதான் கிராங்க். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. இரண்டையும் ஓர் அச்சு இணைக்கிறது. அந்த அச்சு பிரேமின் அடிக்குழாய்க்குள் பால்ரஸ் மேல் சுற்றுகிறது. அச்சு, கப், பால்ரஸ் எல்லாம் சேர்ந்ததைக் கடைக்காரர் பி.பி. என்பார். பாட்டம் பிராக்கெட் என்பதன் சுருக்கம் அது.

கிராங்க் ஆடுவது, மெதுவாக ஓட்டுகிறவருக்குத் தொல்லை. சைக்கிளோடு குதிக்கிற பையனுக்கு அது ஆபத்து.

பிள்ளைகள் மண்மேட்டில் வேகமாக ஏறுவார்கள். சைக்கிளோடு அந்தரத்தில் பறப்பார்கள். 'தொப்' என்று தரையில் இறங்குவார்கள். அப்போது அவர்கள் சீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. இரண்டு பெடலிலும் எழுந்து நிற்கிறார்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. முன்கால் அச்சை ஒரு பக்கம் திருகுகிறது. பின்கால் எதிர்ப்பக்கம் திருகுகிறது. ஈரத் துணியைப் பிழிவது போலத்தான். தரையில் மோதும் அந்த நொடியில் பையனின் எடை பல மடங்காக அழுத்துகிறது. அப்போது கிராங்க் கழன்றாலோ உடைந்தாலோ கால் நழுவும். முகம் ஹேண்டில்பாரில் மோதும். பல் போகும், தாடை உடையும்.

நம் தீவுகளில் இன்னொரு சிரமமும் உண்டு. சைக்கிள் சாமான்கள் பெரும்பாலும் கடல் கடந்து வருகின்றன. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் வர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். (2024 முதல் அந்த ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) அங்கிருந்து லிட்டில் அந்தமானுக்கோ கார் நிக்கோபாருக்கோ மறுபடியும் கப்பல். வந்த சாமான் பொருந்தாவிட்டால்? திருப்பி அனுப்பி, வேறு வாங்கி, காத்திருக்க வேண்டும். அதுவரை 'எப்படியாவது அடித்து மாட்டிக் கொள்ளலாம்' என்று தோன்றும். அந்த எண்ணம்தான் வம்பு.

கடையில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

"அண்ணே, கிராங்க் ஒரு செட் குடுங்க."

"எந்த சைக்கிளுக்கு அக்கா?"

"பையன் சைக்கிளுக்குத்தான்."

"அச்சு முனை எப்படி இருக்கும்? சதுரமா, உருண்டையா?"

அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. அவர் மேல் தப்பில்லை. அச்சு முனை கிராங்குக்குள் மறைந்தல்லவா இருக்கிறது! ஆனால் கடைக்காரர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். பளபளப்பையும் நிறத்தையும் பார்த்து கிராங்க் வாங்கக் கூடாது. கிராங்கின் ஓட்டை அச்சு முனைக்குப் பொருந்த வேண்டும். அச்சும் கப்பும் பிரேமின் குழாய்க்குப் பொருந்த வேண்டும்.

அச்சு முனையில் நான்கு வகை

அப்பா காலத்துப் பெரிய சைக்கிளில் அச்சு முனை உருண்டை. அதில் ஒரு பக்கம் தட்டையாக வெட்டியிருக்கும். கிராங்கின் குறுக்கே ஒரு பின் இறங்கி, அந்த வெட்டில் ஆப்பு போல இறுக்கிக் கொள்ளும். அதுதான் காட்டர் பின். தேய்ந்தால் பின்னை மட்டும் மாற்றலாம். செலவும் குறைவு. பழைய பின்னைக் கையோடு கொண்டு போங்கள். 9 மில்லிமீட்டரிலும் பின் உண்டு, 9.5 மில்லிமீட்டரிலும் உண்டு. அரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். மெல்லிய பின் போட்டால் இறுகாது. சந்தைக்குப் போய் வர இந்த வகை நல்லது. குதிப்பதற்கு ஏற்றதல்ல. அத்தனை அடியையும் அந்தச் சிறு பின்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது வகையில் அச்சு முனை சதுரம். நுனிக்குப் போகப் போகக் கொஞ்சம் ஒடுங்கும். கிராங்கில் சதுர ஓட்டை இருக்கும். போல்ட்டை இறுக்க இறுக்க கிராங்க் மேலேறிப் பிடித்துக் கொள்ளும். கியர் சைக்கிள்களில் இதைப் பார்க்கலாம். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஜப்பான் அளவு ஒன்று, ஐரோப்பிய அளவு ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மாற்றிப் போட்டால் கிராங்க் 4 அல்லது 5 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். அல்லது, இறுகும் முன்பே கடைசி வரை உள்ளே போய்விடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் நிற்காது.

மூன்றாவது வகையில் அச்சு தடித்த குழாய். முனையைச் சுற்றி நெருக்கமாக வரிப் பற்கள் இருக்கும். கிராங்கின் உள்ளேயும் அதே போல் பற்கள். குதிக்கிற சைக்கிளுக்கு இதுவே சரி. குழாய் உள்ளே காலிதானே, பலம் இருக்குமா என்று கேட்பீர்கள். மூங்கிலைப் பாருங்கள். உள்ளே காலிதான். ஆனாலும் அதே எடையுள்ள மெல்லிய குச்சியைவிட எவ்வளவு விறைப்பு! பருமன் கூடினால் முறுக்கைத் தாங்கும் சக்தியும் கூடும். இந்த அச்சுகள் 19, 22, 24 மில்லிமீட்டர் பருமனில் வருகின்றன. பருமனைப் பாருங்கள், பற்களையும் எண்ணுங்கள். 48 பல் அச்சில் 8 பல் கிராங்க் ஏறாது.

நான்காவது வகை, சின்னப் பிள்ளைகளின் சில சைக்கிள்களில் இருக்கிறது. இரண்டு கிராங்கும் அச்சும் ஒரே கம்பியாக வளைந்திருக்கும். அதைத் தனித்தனியாக மாற்ற முடியாது.

குழாயை அளப்பது எப்படி?

இனி பிரேமின் அடிக்குழாயைப் பார்ப்போம். பழைய கப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பாருங்கள். மரை இருக்கிறதா? மரை இருந்து, உள் அகலம் ஏறக்குறைய 34 மில்லிமீட்டர் என்றால் அது பெரும்பாலும் பி.எஸ்.ஏ. மரை. ஆமாம், நமக்குத் தெரிந்த சைக்கிளின் பெயர்தான். பர்மிங்காம் நகரத்து இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் பெயர் அது. அந்த அளவு உலகம் முழுவதும் பரவிவிட்டது.

மரை இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அகலத்தை அளந்து பாருங்கள். 37 என்றால் ஒரு வகை. 41 என்றால் வேறு வகை. குதிக்கிற சின்னச் சக்கர சைக்கிள்களில் இந்த 41 அதிகம். 51 என்றால் ஒரே கம்பி கிராங்க் போடும் பெரிய ஓட்டை. ஒன்றின் பேரிங் மற்றொன்றில் உட்காராது.

குழாயின் நீளத்தையும் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். மரை உள்ள குழாய் பெரும்பாலும் 68 அல்லது 73 மில்லிமீட்டர் இருக்கும். அடுத்தது அச்சின் நீளம். அச்சு அதிக நீளமானால் செயின் கோணலாக ஓடும். குட்டையானால் பல்சக்கரம் பிரேமில் உரசும்.

இவ்வளவையும் எப்படி நினைவில் வைப்பது? வைக்க வேண்டாம். மூடிய பி.பி.யின் உறையில் எண்கள் பொறித்திருக்கும். பழந்துணியால் கிரீஸைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். '68 × 122.5' என்று இருந்தால், குழாய் 68, அச்சு 122.5 மில்லிமீட்டர் என்று பொருள். அதை ஒரு சீட்டில் அப்படியே எழுதுங்கள். முனை சதுரமா, பற்களா என்றும் எழுதுங்கள். கிராங்கின் பின்பக்கம் 170 என்றோ 165 என்றோ இருக்கும். அது கிராங்கின் நீளம். அதையும் எழுதுங்கள். சென்னைக்கு ஆள் போனால் சீட்டோடு பழைய சாமானையும் கொடுத்து அனுப்புங்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளிப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். இந்தச் சீட்டில் அந்த இரண்டு பாடமும் சேர்ந்து வருகின்றன!

நம் தீவுப் பிள்ளைகள் சைக்கிளில் சாதாரணமானவர்கள் அல்ல. 2004 சுனாமியில் உயிர் பிழைத்த நிக்கோபார் பெண் டெபோரா ஹெரால்டு, இந்தியாவின் முன்னணி சைக்கிள் வீராங்கனை ஆனார். நிக்கோபார்க்காரரான எசோ ஆல்பன் 2018-இல் சுவிட்சர்லாந்து சென்றார். அங்கே ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அவர்கள் ஓட்டும் தடகள சைக்கிளில் பிரேக் இல்லை, ஃப்ரீவீலும் இல்லை. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்னால் அழுத்துவார்கள். கிராங்கில் தலைமுடி அளவு ஆட்டம் இருந்தாலும் முன்னும் பின்னும் அடிபட்டு ஓட்டை பெரிதாகிவிடும்.

ஆட்டம் எங்கே என்று வீட்டிலேயே பார்க்கலாம். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். இரண்டு கிராங்கும் சேர்ந்து ஆடினால் கோளாறு பால்ரஸில் அல்லது கப்பில். ஒன்று மட்டும் ஆடினால் அந்த கிராங்க் அச்சைப் பிடிக்கவில்லை. சதுர ஓட்டை அலுமினிய கிராங்க் ஆடினால் அதே நிலையில் வீடு வரைகூட ஓட்டாதீர்கள். உருட்டிக் கொண்டு போங்கள். இரும்பு அச்சு அலுமினியத்தைத் தின்றுவிடும். ஓட்டை ஒரு முறை கெட்டால் கிராங்கை மாற்றத்தான் வேண்டும். தகரம் செருகி இறுக்குகிறவர்கள் உண்டு. அது நிற்காது.

கப்பைக் கழற்றும்போது ஒன்று கவனியுங்கள். பி.எஸ்.ஏ. மரையில் வலது பக்கக் கப்பும், எந்த சைக்கிளிலும் இடது பெடலும், எதிர் மரை. கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் பலம் காட்டி மரையைக் கெடுத்தவர்கள் பலர்.

மாட்டும் முன் கப்பின் மரையில் கிரீஸ் தடவுங்கள். உப்புக் காற்றில் தடவாமல் போட்டால் துருப்பிடித்துப் பிரேமோடு ஒட்டிவிடும். பிறகு சதுர அச்சு கிராங்கின் போல்ட்டை இறுக்குங்கள். 20 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடையைத் தூக்கும் அளவு பலம் வேண்டும். ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடியும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். புது கிராங்க் அச்சில் படிந்து உட்காரும்போது போல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அதை இறுக்கிய பிறகு பையனை மண்மேட்டுக்கு அனுப்புங்கள்.