ஒரே நிரல், இரண்டு விடை

மேற்படிப்பில் ‘நிரல்மொழிக் கோட்பாடுகள்’ என்றொரு பாடம் எடுத்திருப்பதாகச் சொல்லிப் பாருங்கள். “எத்தனை லாங்குவேஜ் சொல்லித் தருவாங்க?” என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். ஜாவா தெரியும், பைத்தான் தெரியும், இன்னும் நாலைந்து சேரும் என்ற கணக்கு. எம்.டெக். சேரப் போகிறவர்களில் பலரும் இந்தக் கணக்கோடுதான் போகிறார்கள். போன பிறகுதான் தெரிகிறது, பெரும்பாலும் ஏதோ ஒரே மொழியை வைத்துக்கொண்டு பருவம் முழுக்க ஓட்டுகிறார்கள் என்று. அதுவும் ஸ்கீம், ஓகேமல், ஹாஸ்கல் என்று வேலைவாய்ப்பு விளம்பரங்களில் அவ்வளவாகக் கண்ணில் படாத ஒன்று.

அப்படியானால் அங்கே என்னதான் படிக்கிறார்கள்? நிரலில் ஒரு பெயரை எழுதினால் அதற்குப் பொருள் எங்கிருந்து வருகிறது என்பது போன்ற கேள்விகளை. இந்த ஒரு கேள்வியை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு சின்ன நிரல் எழுதுவோம். முதல் வரியில், வட்டி = 8. அடுத்து ‘கணக்கிடு’ என்று ஒரு செயற்கூறு: அசலை வாங்கிக்கொண்டு, வட்டியால் பெருக்கி, நூறால் வகுத்துத் தரும். மூன்றாவதாக ‘நகைக்கடன்’ என்று இன்னொரு செயற்கூறு. அது தனக்குள் வட்டி = 12 என்று வைத்துக்கொண்டு, கணக்கிடு(1000) என்று அழைக்கிறது. விடை 80ஆ, 120ஆ?

ஒரு கடிதத்தை நினைத்துக்கொள்வோம். ‘மாமாவிடம் ஆயிரம் ரூபாய் கொடுத்துவிடவும்’ என்று ஒருவர் எழுதுகிறார். கடிதம் கைமாறி வேறொரு வீட்டில் படிக்கப்படுகிறது. அந்த வீட்டிலும் ஒரு மாமா இருக்கிறார். பணம் யாருக்கு? எழுதியவருடைய மாமாவுக்குத்தான் என்றால் அது லெக்சிகல் ஸ்கோப். பெயர் எழுதப்பட்ட இடத்தை வைத்துப் பொருள் கொள்வது. விடை 80. படிக்கிற வீட்டு மாமாவுக்கு என்றால் டைனமிக் ஸ்கோப். அழைக்கப்பட்ட இடத்தை வைத்துப் பொருள் கொள்வது. விடை 120. நம் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் ‘வரையெல்லை’ என்று வருவது இந்த விவகாரம்தான்.

பைத்தானில் இந்த நிரலை ஓட்டினால் 80 வரும். லினக்ஸ் முனையத்தில் ஓடும் பாஷில், உள்ளே இருக்கும் வட்டியை ‘லோக்கல்’ என்று அறிவித்து எழுதினாலும் 120தான் வரும். ஜான் மெக்கார்த்தி 1960இல் கட்டுரையாக வெளியிட்ட லிஸ்ப் மொழியின் தொடக்க வடிவங்களும் பாஷைப் போலத்தான் நடந்துகொண்டன. மெக்கார்த்தியே அதைப் பிற்பாடு ஒரு பிழை என்றுதான் குறிப்பிட்டார். 1975இல் எம்ஐடியில் சஸ்மனும் ஸ்டீலும் உருவாக்கிய ஸ்கீம், லிஸ்ப் குடும்பத்துக்குள் லெக்சிகல் முறையைக் கொண்டுவந்தது.

வகுப்பில் இதைக் கேட்டுக் குறிப்பெடுத்தால் போதாது. சொந்தமாக ஒரு குட்டி மொழிக்கு இன்டர்பிரெட்டர் எழுத வேண்டும். எந்தப் பெயருக்கு என்ன மதிப்பு என்று அதற்குள் ஒரு அட்டவணை இருக்கும். ஒரு செயற்கூறு உருவாகும்போது அந்த நேரத்து அட்டவணையையும் அதோடு சேர்த்துக் கட்டி வைத்தால் 80. கட்டி வைக்காமல், அழைப்பவரின் அட்டவணையையே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் 120. நிரலில் ஓரிரு வரிதான் வித்தியாசம். அப்படிச் சேர்த்துக் கட்டிய மூட்டைக்குத்தான் குளோஷர் என்று பெயர். ஜாவாஸ்கிரிப்ட் நேர்முகத் தேர்வுகளில் மனப்பாடமாக ஒப்பிக்கப்படும் அதே குளோஷர். ஒருமுறை கையால் கட்டியவர் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மென்பொருள் வடிவமைப்பு தனிப் பாடமாகத் தோன்றும். ஆனால் அதன் அடியில் ஓடுவதும் இதற்கு நெருங்கிய கேள்விதான்: எந்தச் செய்தி யாருக்குத் தெரிய வேண்டும்? டேவிட் பார்னஸ் 1972இல் எழுதிய கட்டுரை இதை சொல்லடைவு தயாரிக்கும் ஒரு சிறிய நிரலை வைத்து விளக்குகிறது. வரிகளை உள்ளே வாங்கு, ஒவ்வொரு வரியின் சொற்களையும் சுழற்று, அகரவரிசைப்படுத்து, அச்சிடு. வேலை நடக்கும் வரிசையிலேயே நிரலைக் கூறு போடுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அப்படிப் போட்டால், வரிகள் நினைவகத்தில் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பது எல்லாக் கூறுகளுக்கும் தெரிந்தாக வேண்டும். நாளைக்கு அதை மாற்றினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். பார்னஸ் வேறு வழி சொன்னார்: மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் ஒளித்துவை. அப்போது வரிகளை வைக்கும் விதம் மாறினால் அந்த ஒரு கூறைத் தொட்டால் போதும். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும், முதல் வழியில் எழுதிய நிரல்களுக்குப் பஞ்சமே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இவற்றுக்கு மேலே வகை முறைமைகள், லாம்டா கால்குலஸ், பலகை நிறைய கிரேக்க எழுத்துகள் எல்லாம் வரும். அவற்றைக் கண்டு மிரள வேண்டாம். 80ஆ 120ஆ என்பதற்குச் சந்தேகமில்லாமல் விடை சொல்லும் விதிகளைச் சுருக்கி எழுதும் வழிகள்தான் அவற்றில் பல.

ஹெரால்டு ஆபெல்சனும் ஜெரால்டு சஸ்மனும் ஜூலி சஸ்மனுடன் சேர்ந்து எழுதி 1985இல் வெளிவந்த பாடநூலை எம்ஐடி பதிப்பகம் இணையத்தில் இலவசமாகவே தந்திருக்கிறது. அதன் நான்காம் அத்தியாயத்தில் ஸ்கீமுக்கான இன்டர்பிரெட்டரை ஸ்கீமிலேயே எழுதிக் காட்டுகிறார்கள். கல்லூரிச் சேர்க்கைக்காகக் காத்திருக்காதீர்கள். முதல் மூன்று அத்தியாயங்களையும் பயிற்சிகளோடு முடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேருங்கள்.