உப்பில் பிறக்கும் ஒளி

காமாக் கதிர் கண்ணுக்குப் புலப்படாது, தோலுக்கும் உறைக்காது. அதனைக் காட்டிக்கொடுப்பது உப்பின் உறவினர் ஒருவர் என்றால் வியப்பாக இல்லையா? புளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை உலோகங்களோடு கூடி உண்டாக்கும் சேர்மங்களே ஹாலைடுகள். நாம் உண்ணும் உப்பும் அவற்றுள் ஒன்று.

1948இல் அமெரிக்க இயற்பியலாளர் இராபர்ட் ஹாப்ஸ்டட்டர், சோடியம் அயோடைடில் சிறிதளவு தாலியம் கலந்தால், கதிர் பட்ட கணத்தில் அது நீல ஒளியை உமிழ்வதைக் கண்டறிந்தார். பத்து இலட்சம் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை விழுங்கும் படிகம், ஏறத்தாழ 38,000 ஒளித்துகள்களை வெளியிடுகிறது. ஆற்றல் மிகுந்தால் ஒளியும் மிகும். ஆகவே, ஒளியை அளந்தே கதிரின் ஆற்றலை அறியலாம். ஆற்றலைக் கொண்டு அது எத்தனிமத்திலிருந்து வந்தது என்றும் சொல்லலாம். துறைமுகத்தில் கருவி எச்சரிக்கும்போது, கதிரை வீசுவது உரமூட்டையில் இயல்பாக உள்ள பொட்டாசியமா, கடத்தப்படும் அணுப்பொருளா என அறிய வேண்டும் அல்லவா? ஒளி வழியிலேயே சிதறிப்போனால் அந்த விடை மங்கிவிடும்.

இப்பொருளிடம் குறைகளும் உண்டு. மழைக்காலத்தில் உப்புச் சாடி நீர்த்துப்போவதை அறிவோம்; சோடியம் அயோடைடு அதனினும் விரைவாக ஈரத்தை ஈர்க்கும். பெரிய ஒற்றைப் படிகத்தை உருக்கிலிருந்து வளர்ப்பதும் நாள்கணக்கில் நடைபெறும் பொறுமையான பணி. லாந்தனம் புரோமைடு போன்றவை ஆற்றலை இன்னும் துல்லியமாகப் பிரித்துக் காட்டும். ஆயினும், குளிரும்போது திசைக்கொரு வகையாகச் சுருங்குவதால் அவை எளிதில் விரிசல் விடும்.

அப்படியானால் தூளை வெப்பத்தில் அழுத்திச் செராமிக் ஆக்கினால் என்ன? கற்கண்டை இடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவிய கட்டி, வெண்பொடியாகிவிடும். சருக்கரை மாறவில்லை, துகள்களுக்கு இடையே உள்ள காற்றே ஒளியைச் சிதறடிக்கிறது. வெற்றிடத்தில் சூடாக்கி அழுத்தி நுண்துளைகளை நீக்கினால் ஒளி மீண்டும் ஊடுருவும். கால்சியம் புளூரைடில் இது கைகூடியது. 1964இலேயே டிஸ்புரோசியம் கலந்த அச்செராமிக்கிலிருந்து லேசர் ஒளியும் பெறப்பட்டது.

இவ்வெற்றிக்கு அதன் கனசதுரப் படிக அமைப்பும் காரணம். எத்திசையில் சென்றாலும் ஒளி அதனுள் ஒரே அளவில் விலகும். லாந்தனம் புரோமைடோ அறுகோண அமைப்புடையது. துகளுக்குத் துகள் ஒளிவிலகல் மாறுவதால், துளையே இல்லாதபோதும் அதன் செராமிக் கலங்கித் தோன்றும். எனவேதான் செராமிக் ஆய்வாளர்கள் கனசதுர ஹாலைடுகளைப் பெரிதும் விரும்புகின்றனர். லாந்தனம் புரோமைடு இன்றும் ஒற்றைப் படிகமாகவே வளர்க்கப்பட்டு, ஈரம் புகாத உறையில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வருகிறது.