மாதிரி விமானமும் வர்ணத்தின் பாரமும்

மாதிரி விமானத்தைச் சிறுவர் விளையாட்டென்று கருதுவோர் பலர். 1937 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் எட்டடி இறக்கையுடைய விமானமொன்றைத் தரையில் நின்றே வானொலி அலைகளால் நெறிப்படுத்தினர். நாம் ஈண்டுக் கூறப்புகுவது அத்தகைய பெரிய மாதிரிகளைப் பற்றியே.

எலும்புக்கூடு பல்சா மரத்தால் ஆவது. நீரின் பாரத்தில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கே கொண்ட மரம் அது. இயந்திரம் பொருந்துமிடத்துக்கு ஒட்டுப்பலகை வேண்டும். மேலே போர்த்தும் துணி இஸ்திரிப்பெட்டியின் வெப்பத்தாற் சுருங்கி இறுகும். இவ்வளவும் பொறுமையுள்ள எவர்க்கும் கைகூடும்.

இடர் வருவது வர்ணம் பூசும்போதுதான். விமானத்தின் ஈர்ப்புமையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, அதன் முன்பின் அகலத்தில் நாலிலொன்றுக்கும் மூன்றிலொன்றுக்கும் இடையே அமைதல் வேண்டும். அது மிகப் பின்வாங்கினால் விமானம் மூக்கை உயர்த்தி, வேகமிழந்து, நம் கட்டளைக்கு அடங்காது வீழும். அம்மையத்திலிருந்து வால் மூக்கைப்போல் மும்மடங்கு தூரத்தில் இருப்பின், வாலிற் பூசிய ஓர் அவுன்ஸ் வர்ணம் மூக்கிலே மூன்று அவுன்ஸ் ஈயத்தைக் கேட்கும். பௌதிகம் பயிலும் மாணவர் இதனை நெம்புகோல் விதியென உடனே உணர்வர். ஆதலின் தூரிகையை விட்டு, விசிறு கருவியால் மெல்லிய படலமாகப் பூசுகிறோம். பூசுமுன்னும் பின்னும் வாற்பகுதியை நிறுத்துப் பார்க்கிறோம்.

நிறத்தேர்விலும் எச்சரிக்கை தேவை. எட்டிச் சென்ற விமானம் நம் கண்ணுக்கு வெறும் நிழலுருவே. அடிப்பாகத்திற் கரும்பட்டைகளும் மேற்பாகத்திற் செந்நிறமும் இருந்தால் அது எப்பக்கம் சாய்கிறதென அறியலாம். அழகு கருதி அடிப்பாகத்தை வான்நீலமாக்குவோர் விமானத்தை வானத்தினுள்ளே தேட நேரும்.