மனிதனும் "ரோபாட்"டும் ஒரே கட்டிடத்தில்!

வீடு யாருக்காகக் கட்டுகிறோம்? மனிதனுக்காக.

மனிதனுக்குக் கால் இருக்கிறது. அதனால் படிக்கட்டு வைக்கிறோம். கை இருக்கிறது. அதனால் கதவுக்குக் கைப்பிடி வைக்கிறோம்.

காலும் இல்லாமல், கையும் இல்லாமல், சக்கரத்தில் உருண்டு வரும் ஒரு வேலைக்காரன் அந்த வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும்? வாசற்படியிலேயே நின்று விடுவான்!

அந்த வேலைக்காரன்தான் "ரோபாட்" என்ற யந்திர மனிதன்.

"ரோபாட்" என்ற சொல் ஒரு நாடகத்தில் பிறந்தது. செக்கோஸ்லோவாக்கியா நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920-ம் ஆண்டில் வெளியிட்ட நாடகம் அது. அன்று கற்பனையாக இருந்தது, இன்று ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துச் செல்கிறது. ஓட்டலில் உணவுத் தட்டைக் கொண்டு வந்து தருகிறது.

மனிதனுக்கும் ரோபாட்டுக்கும் சேர்த்து எப்படிக் கட்டிடம் கட்டுவது? இது என்ஜினீயர்களின் புதிய கவலை.

விசித்திர ஓட்டல்

ஜப்பானில், நாகசாகி மாநிலத்தில், 2015-ம் ஆண்டு ஓர் ஓட்டல் திறக்கப்பட்டது. பெயர் "ஹென் நா" ஓட்டல். "விசித்திர ஓட்டல்" என்று பொருள்.

பெயருக்கு ஏற்றபடி எல்லாமே விசித்திரம்! வருகிறவர்களை வரவேற்றது டைனோசார் உருவத்தில் இருந்த ரோபாட். பெட்டி தூக்கவும் ரோபாட். அறைக்குள்ளும் ஒரு பொம்மை ரோபாட்.

தங்க வந்த ஒருவர் இரவில் குறட்டை விட்டார். "ஏதோ கேட்கிறார் போலிருக்கிறது" என்று நினைத்து, பொம்மை ரோபாட் அவரை எழுப்பி, "நீங்கள் சொன்னது புரியவில்லை" என்றது. அவர் மறுபடி குறட்டை விட்டார். அது மறுபடி எழுப்பியது!

இது சிரிப்பு. பெட்டி தூக்கும் ரோபாட்டின் கதை வேறு. அதனால் சமமான தரையில்தான் ஓட முடிந்தது. மழையில் நனைந்தால் பழுதாகி விடும். ஓட்டலில் 100-க்கு மேற்பட்ட அறைகள் இருந்தும், சுமார் 24 அறைகளுக்குத்தான் அதனால் போக முடிந்தது. மற்ற அறைகளுக்கு?

மனிதர்கள்தான் தூக்க வேண்டியிருந்தது.

அந்த ஓட்டலில் இருந்த 243 ரோபாட்டுகளில் பாதிக்கு மேல் வேலையில் இருந்து நீக்கப்பட்டு விட்டதாக 2019-ம் ஆண்டில் செய்தி வந்தது.

ஏமாறும் கண்

ரோபாட்டுக்குத் தடையாக இருப்பது படி மட்டும் அல்ல.

பல ரோபாட்டுகள் "லேசர்" என்ற ஒளிக்கதிரை நாலு பக்கமும் வீசுகின்றன. அந்தக் கதிர் சுவரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு, "சுவர் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது" என்று தெரிந்து கொள்கின்றன.

ஆனால் கண்ணாடிச் சுவர் இருந்தால் கதிர் அதற்குள் புகுந்து அப்பால் போய் விடும். அங்கே சுவர் இருப்பதே ரோபாட்டுக்குத் தெரியாது! நிலைக்கண்ணாடி இருந்தால், இல்லாத அறை ஒன்று இருப்பதாக நினைக்கும். கருப்பு வர்ணம் பூசிய பொருள் கதிரை விழுங்கி விடும்.

இதற்குப் பரிகாரம் எளிது. கண்ணாடிச் சுவரில் ரோபாட்டின் கண் படும் உயரத்தில் ஒளி ஊடுருவாத பட்டை ஒன்றை ஒட்டினால் போதும். கவனம் இல்லாமல் வந்து மோதிக் கொள்ளும் மனிதனுக்கும் அது நல்லது!

"1784" மாளிகை

ரோபாட் வரும் என்று முன்கூட்டியே நினைத்துக் கட்டிய கட்டிடமும் உண்டு.

தென் கொரியாவில், தலைநகர் சியோலுக்குப் பக்கத்தில் சியோங்நாம் என்ற நகரம் இருக்கிறது. அங்கே "நேவர்" என்ற பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒரு மாளிகை கட்டியது. 2022-ம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த மாளிகையின் பெயர் "1784". மனையின் இலக்கம் 178-4. அதுவே பெயராகி விட்டது.

தரைக்கு மேல் 28 மாடிகள். தரைக்குக் கீழே 8 தளங்கள். உள்ளே சுமார் 100 ரோபாட்டுகள் சுற்றித் திரிகின்றன. ஊழியர் காபி கேட்டால், அவர் இருக்கும் மாடிக்கே காபி வருகிறது. கடிதமும் பார்சலும் அப்படியே.

ரோபாட்டுகளுக்கு என்றே தனி லிப்டு உண்டு. இதனால் மனிதர்கள் லிப்டுக்காகக் காத்து நிற்பது குறைகிறது.

இன்னொரு அதிசயம்: இந்த ரோபாட்டுகளின் "மூளை" அவற்றின் உடம்பில் இல்லை! வெளியில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ரேடியோ அலை மூலம் கட்டளை இடுகின்றன. அதன்படி அவை நடக்கின்றன.

படுக்கையில் இருந்தபடி வேலை

ரோபாட் வந்தால் மனிதனின் வேலை போய் விடாதா? நியாயமான கேள்விதான். போகும் இடமும் உண்டு. ஆனால் ரோபாட்டால் வேலை கிடைத்தவர்களும் இருக்கிறார்கள்.

ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் 2021-ம் ஆண்டு ஒரு காபி கடை திறக்கப்பட்டது. அங்கே 4 அடி உயர ரோபாட் தட்டு ஏந்தி வருகிறது. "வணக்கம்" சொல்கிறது. வாடிக்கைக்காரர்களுடன் பேசுகிறது.

பேசுவது யந்திரம் அல்ல. உடல் முடங்கி, வீட்டை விட்டு வெளியே வர முடியாத ஒருவர்! அவர் எங்கோ தன் வீட்டில் படுத்தபடி ரோபாட்டை இயக்குகிறார். அதன் கண் வழியே பார்க்கிறார். அதன் வாய் வழியே பேசுகிறார். அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்.

அந்தக் கடையின் தரை சமமாக இருக்கிறது. அதனால் ரோபாட்டும் ஓடுகிறது. சக்கர நாற்காலியில் வருகிறவரும் காபி குடித்து விட்டுப் போகிறார்.

யாருக்கு முதல் இடம்?

நடைபாதை குறுகலாக இருந்தால் யார் ஒதுங்குவது? லிப்டில் ஒரே இடம் இருந்தால் யார் ஏறுவது? தீப்பிடித்தால் வழியை மறிக்காமல் ரோபாட் எங்கே ஒதுங்கி நிற்பது? இதை எல்லாம் வரைபடம் போடும்போதே முடிவு செய்ய வேண்டும். எதிலும் மனிதனுக்குத்தான் முதல் இடம்.

ரோபாட்டுக்கு வேண்டியவை என்ன? படி இல்லாத வாசல். அகலமான கதவு. மேடு பள்ளம் இல்லாத தரை. 1 அடி உயரம் ஏற, 12 அடி நீளத்தில் ஒரு சரிவுப் பாதை.

கைத்தடி ஊன்றி வரும் பாட்டியும், சக்கர நாற்காலியில் வரும் மாணவனும், குழந்தை வண்டி தள்ளி வரும் தாயும் வெகு காலமாகக் கேட்டு வருவதும் இதைத்தான்.

அவர்கள் கேட்டபோது பல இடங்களில் கிடைக்கவில்லை. யந்திரத்துக்காகவாவது அது கிடைக்கட்டும். புதிய வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறவர்கள் சரிவுப் பாதைக்கும் கொஞ்சம் இடம் விடலாம். ரோபாட் வருகிறதோ இல்லையோ, பாட்டி கட்டாயம் வருவாள்!