சம்பளம் பழகிவிடும், பயணம் பழகாது

அரக்கோணத்தில் வீடு. கிண்டியில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, மாதம் 30 ஆயிரம். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய இடத்தில் இன்னொரு வேலை, 22 ஆயிரம். எதற்குப் போவது? இப்படி யோசிக்கிற பிள்ளைகளுக்கு வீட்டில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: “எட்டாயிரம் கூட வருதுல்ல, சின்ன வயசுதானே, கொஞ்சம் அலைஞ்சா என்ன?”

அலைந்தால் என்ன ஆகும் என்பதை உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் மருத்துவர்களும் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார்கள். அவர்கள் சொல்வதைப் பார்ப்பதற்கு முன் நாமே ஒரு கணக்குப் போட்டுவிடலாம்.

அரக்கோணத்திலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 70 கிலோமீட்டர். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை டூ வீலர். ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு லோக்கல் பிடிக்க வேண்டும். மூர் மார்க்கெட் பக்கம் இறங்கி, சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷன். அங்கிருந்து தாம்பரம் வண்டியில் கிண்டி. கிண்டியில் ஷேர் ஆட்டோ. எல்லாம் ஒழுங்காக அமைந்தால் ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். போக வர ஐந்து. மாதம் 25 வேலை நாளுக்கு 125 மணி நேரம். அலுவலகத்தில் நாளுக்கு 9 மணி வீதம் 225. ஆக, அந்தச் சம்பளத்துக்காக அவர் கொடுப்பது 350 மணி நேரம். சீசன் டிக்கெட், ஸ்டாண்டு, ஷேர் ஆட்டோ, வெளிச் சாப்பாடு என்று 2,500 ரூபாய் கழிந்தால் மீதி 27,500. மணிக்கு 79 ரூபாய்கூட முழுதாக வராது.

உள்ளூர் வேலைக்கு அதே 225 மணியோடு பயணம் 25 மணி சேர்த்தால் 250. செலவு 500 போக 21,500. மணிக்கு 86 ரூபாய். பெரிய சம்பளமாகத் தெரிந்த வேலை, மணிக் கணக்கில் சின்னதாகிவிடுகிறது. வீட்டுக் கடனோ தங்கையின் படிப்போ இருக்கிற குடும்பத்தில் அந்த 6,000 ரூபாய் கூடுதலாக வந்தே ஆக வேண்டும்; அந்தத் தேவையை யாரும் குறைத்துப் பேச முடியாது. எதைக் கொடுத்து அதை வாங்குகிறோம் என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பொருளியல் பாடம் இந்த விஷயத்தில் எளிதாக ஒன்றைச் சொல்லிவந்தது. கூடுதல் சம்பளமோ குறைந்த வாடகையோ கிடைப்பதால்தான் ஒருவர் தூரப் பயணத்தை ஏற்கிறார். எனவே இழப்பும் வரவும் சரியாகப் போய்விடும், தூரத்திலிருந்து வருபவர் பக்கத்தில் இருப்பவரைவிட மனநிறைவில் குறைந்தவராக இருக்க மாட்டார் என்பது அந்தப் பாடம். சுவிட்சர்லாந்துப் பொருளியலாளர்கள் அலோயிஸ் ஸ்டுட்சரும் புருனோ ஃப்ரையும் ஜெர்மனியில் ஆண்டுதோறும் நடக்கும் குடும்பக் கணக்கெடுப்பின் 1985 முதல் 2003 வரையான தரவுகளை எடுத்து இதைச் சோதித்தார்கள். 2008இல் வெளியான முடிவு பாடத்துக்கு நேர்மாறாக இருந்தது. பயண நேரம் கூடக் கூட வாழ்க்கை குறித்த மனநிறைவு குறைந்தது. மற்ற வரவுகள் அதை ஈடுகட்டவில்லை.

ஏன் இப்படித் தவறாகக் கணக்கிடுகிறோம்? நல்லதுக்கு மனசு சீக்கிரம் பழகிவிடுவது ஒரு காரணம். சம்பள உயர்வின் மகிழ்ச்சி சில மாதங்களில் சாதாரணமாகிவிடும். செலவும் அதற்கேற்ப ஏறிவிடும். பயணம் அப்படிப் பழகுவதில்லை, ஏனென்றால் அது தினமும் வேறு மாதிரித் தொல்லை தருகிறது. இன்றைக்கு சிக்னல் கோளாறு, நாளைக்கு மழை, அடுத்த நாள் பார்க் ஸ்டேஷனில் ஏற முடியாத கூட்டம். 2004இல் உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் டெக்சாஸில் வேலைக்குப் போகும் சுமார் 900 பெண்களை, முந்தைய நாளை மணி மணியாக நினைவுகூர்ந்து எழுதச் சொன்னார்கள். எந்த வேலையின்போது மனம் எப்படி இருந்தது என்று கேட்டதில், காலையில் வேலைக்குப் போகும் பயணம்தான் கடைசி இடத்தில் வந்தது.

நியூயார்க்கில் கேரி எவன்ஸும் ரிச்சர்ட் வெனரும் செய்த ஆய்வு நம் ஊர் ரயில் பயணிகளுக்கு மிகவும் நெருக்கமானது. நியூஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனுக்கு ரயிலில் வரும் 208 பேரின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், பயண நேரம் கூடியவர்களிடம் அதிகமாக இருந்தது. பயணம் முடிந்த கையோடு எழுத்துப்பிழை திருத்தும் வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்த்ததில், நீண்ட தூரம் வந்தவர்கள் அதிலும் பின்தங்கினார்கள். அதாவது, காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்காரும்போதே அவர்களிடம் ஒரு பகுதி ஆற்றல் தீர்ந்திருந்தது.

அதே பகுதியில் 1996இல் ஒரு நேரடி ரயில் சேவை தொடங்கியது. அதுவரை ஹோபோக்கனில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டியிருந்தவர்கள் ஒரே வண்டியில் மன்ஹாட்டன் போனார்கள். அவர்களுடைய மன அழுத்தம் குறைந்ததை வெனர் குழு பதிவுசெய்தது. நம்மில் பலர் கிலோமீட்டரையே கேட்கிறோம். எத்தனை இடத்தில் வண்டி மாறுகிறோம், ஒரு வண்டி தவறினால் அடுத்தது எப்போது, எவ்வளவு நேரம் நம் கையில் இல்லை என்பதையும் கேட்க வேண்டும். ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் வருவதும், மூன்று வண்டி மாறி நின்றபடியே ஒன்றரை மணி நேரம் வருவதும் உடம்புக்கு ஒன்றல்ல. கம்பெனி பஸ் வாசலுக்கே வரும் வேலைக்கு நான் தனி மதிப்பெண் கொடுப்பேன்.

பயணத்துக்குப் போகும் நேரம் எங்கிருந்து வருகிறது? முதலில் தூக்கத்திலிருந்து. அமெரிக்கர்கள் சுமார் 47 ஆயிரம் பேரின் நேரக் கணக்கை ஆராய்ந்த மத்தியாஸ் பாஸ்னர், தூக்கத்தைத் தின்பவற்றில் வேலை நேரத்தோடு பயண நேரமும் முன்னணியில் இருப்பதைக் கண்டார். உடற்பயிற்சியும் போய்விடுகிறது. டெக்சாஸில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 2012 ஆய்வில், வேலைக்குப் போகும் தூரம் கூடக் கூட ரத்த அழுத்தமும் இடுப்புச் சுற்றளவும் கூடியிருந்தன.

குடும்பத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. ஸ்வீடனில் எரிகா சாண்டோ செய்த ஆய்வில், துணைவர்களில் ஒருவர் ஒரு வழிக்கு 45 நிமிடத்துக்கு மேல் பயணம் செய்யும் குடும்பங்களில் பிரிவுக்கான வாய்ப்பு 40 சதவீதம் அதிகமாக இருந்தது. முதல் சில ஆண்டுகளைத் தாண்டியவர்களிடம் அது குறைந்தது. பிரான்ஸில் வேலை தேடுபவர்களின் தரவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, பயண நேரத்தைக் குறைப்பதற்குப் பெண்கள் ஆண்களைவிட சுமார் 20 சதவீதம் கூடுதல் மதிப்புக் கொடுப்பதாகவும், அதற்காகக் குறைந்த சம்பளத்தை ஏற்பதாகவும் சொல்கிறது. இதைப் பெண்களின் விருப்பம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. லேடீஸ் கோச்சில் மடியில் பேப்பரை விரித்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டு வரும் அக்காவைப் பாருங்கள். வீட்டில் அவருக்காகக் காத்திருக்கும் இரண்டாவது ஷிஃப்ட், ரயிலிலேயே தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி. டிக்கெட் காசு மிச்சமாகிறது, நேரம் மிச்சமாகவில்லை.

நீண்ட பயணம் எல்லோரையும் நோகடிக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் 26 ஆயிரம் ஊழியர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்த பிரிஸ்டல் ஆய்வில், தினமும் 20 நிமிடப் பயணம் கூடுவது, வேலை குறித்த திருப்தியைப் பொறுத்தவரை, சம்பளத்தில் 19 சதவீதத்தை வெட்டுவதற்குச் சமமாக இருந்தது. ஆனால் ஒட்டுமொத்த வாழ்க்கை குறித்த திருப்தி பெரிதாகக் குறையவில்லை. தூரத்து வேலை கொண்டுவந்த நல்ல வீடும் முன்னேற்றமும் கைகொடுத்திருக்கலாம். சிகாகோ ரயில்களில் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசச் சொல்லப்பட்டவர்களுக்குப் பயணம் இனிமையாக இருந்ததாக 2014இல் ஓர் ஆய்வு வந்தது. நம் சீசன் டிக்கெட் கோஷ்டிகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காட்பாடியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் ஒரே பெட்டியில் ஏறி, ஆயுத பூஜைக்குப் பெட்டிக்குச் சேர்ந்து மாலை போட்டு, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் மொய் எழுதுகிற உறவு அது.

என் தீர்ப்பு இது. தொழில் கற்றுத் தரும் வேலை, இரண்டு மூன்று ஆண்டுகளில் அடுத்த படிக்கு ஏற்றிவிடும் வேலை என்றால், வண்டி மாறுவது குறைவாக இருந்தால், முடிவு தேதி ஒன்றை இப்போதே குறித்துக்கொண்டு போகலாம். சம்பளம் மட்டும்தான் கூடுதல், வேலை அதே வேலை என்றால் போக வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் அறை எடுக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை அந்த வழியில் போய், மாலை கூட்ட நேரத்திலேயே திரும்பி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இன்டர்வியூவுக்குப் போன அனுபவத்தை நம்பாதீர்கள். பிறகு எச்.ஆரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: காலை நேரத்தை ஒரு மணி முன்னேயோ பின்னேயோ மாற்றிக்கொள்ள முடியுமா? வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டிலிருந்து வேலை செய்யலாமா? இரண்டு நாள் கிடைத்தாலே மாதம் 40 மணி நேரத்துக்கு மேல் மிச்சம். சம்பளத்தைப் பேரம் பேசுவது போலவே இதையும் தயங்காமல் பேசுங்கள்.