அச்சம் வீட்டைவிட்டுக் கடலுக்குப் போனபோது: கவனம் பெறாத ‘கிங்ஸ்டன்’

தமிழில் பேய்ப்படம் என்றதும் பார்வையாளர் மனத்தில் முதலில் எழுவது ஒரு வீடுதான். ‘சந்திரமுகி’ (2005) பூட்டிய அறையொன்றையும், ‘யாவரும் நலம்’ (2009) அடுக்குமாடிக் குடியிருப்பையும், ‘டிமான்ட்டி காலனி’ (2015) பாழடைந்த பங்களாவையும் நம்பியே அச்சத்தை வளர்த்தன. இந்த வழக்கத்திலிருந்து விலகி, தூத்துக்குடிக் கரையின் மீனவ ஊர் ஒன்றையும் அதன் எதிரே விரியும் கடலையும் களமாக்கிய கமல் பிரகாஷின் ‘கிங்ஸ்டன்’, 2025 மார்ச் 7 அன்று வெளியாகி, போதிய வரவேற்பின்றித் திரையரங்குகளிலிருந்து விரைவில் இறங்கிவிட்டது. ஜி.வி. பிரகாஷ் குமார் நடித்து, இசையமைத்து, தயாரிப்பிலும் பங்கேற்ற இப்படத்துக்கு நேர்ந்த புறக்கணிப்பு நியாயமானதன்று.

கதையின் அடிப்படை எளியது. கடலுக்குள் போனவர்கள் பிணமாகவே திரும்புகிறார்கள் என்பதால், அக்கடல் சபிக்கப்பட்டது என்று நம்பும் ஊர் தன் தொழிலையே கைவிட்டுவிடுகிறது. பிழைப்புக்காகக் கடத்தல்காரனிடம் வேலை பார்க்கும் கிங்ஸ்டன், ஒரு கட்டத்தில் அந்தத் தடையை உடைக்க நண்பர்களோடு படகேறுகிறான். பேய்வீட்டுக் கதைகளைப் பார்ப்பவர்களுக்கு, இவர்கள் ஏன் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போகக்கூடாது என்ற கேள்வி எப்போதும் எழும். இங்கே அந்தக் கேள்விக்கு இடமில்லை, ஏனெனில் அஞ்ச வேண்டிய இடமும் அடுப்பெரிய வைக்கும் இடமும் ஒன்றே. படத்தின் மிகப்பெரிய பலம் இதுதான்.

கடலை நம்பியும் அஞ்சியும் வாழ்வது, முத்துக்குளித்துறை எனப்பட்ட தூத்துக்குடிக் கரைக்குப் புதிதன்று. கடலடியில் முத்துச்சிப்பிகள் கூட்டமாக வளரும் பாறைத்திட்டுகள் ‘பார்’ எனப்பட்டன. கயிற்றில் கட்டிய கல்லைக் காலில் பற்றிக்கொண்டு அந்தப் பார்களுக்கு இறங்கியவர்கள், மூச்சை அடக்கிய சிறு பொழுதுக்குள் கைக்குக் கிடைத்த சிப்பிகளைப் பையில் சேர்த்துக்கொண்டு மேலேற வேண்டியிருந்தது. மூச்சடைப்பைக் காட்டிலும் அவர்கள் அஞ்சியது சுறாவுக்கு. ஆகவே, மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர் என்று நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ கரையில் இருந்தாலன்றிக் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இத்தகைய மந்திரக்காரர்களுக்குக் கொடுக்கப்பட்டதாகவும், பகலில் போட்ட கட்டை அவர்கள் இரவில் அவிழ்த்துவிட்டதாகவும் குறிப்பிடுகிறார். 19ஆம் நூற்றாண்டில் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்து முத்துக்குளிப்பை விவரித்த எமர்சன் டெனன்ட், அப்போதைய கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்றும், மதம் எதுவாயினும் பரம்பரையாக வந்த ஆற்றல் குறையாது என்று மக்கள் கருதினர் என்றும் பதிவு செய்துள்ளார். அரசே நடத்திய குளிப்பிலும் மந்திரக்காரருக்கு இடமிருந்தது என்பது, அச்சம் இங்கே ஒரு தொழிற்செலவாகவே கணக்கிடப்பட்டதைக் காட்டுகிறது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. அந்த அச்சத்துக்குத் திரையில் ஓர் உருவம் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

படத்தில் குறைகள் உண்டு. சாபத்தின் காரணத்தை விளக்கும் முன்கதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதால் முதற்பாதி கரையிலேயே தங்கிவிடுகிறது. கடலில் எழுந்து வரும் உயிரற்ற உடல்களைக் கணினி வரைகலை சில இடங்களில் தேவைக்கு மேல் காட்டிவிடுகிறது. ஜான் கார்பென்டரின் ‘தி ஃபாக்’ (1980), கடலில் மாண்டவர்கள் பழிவாங்கக் கரையேறும் கதையைச் சொன்னபோது அவர்களைப் பெரும்பாலும் மூடுபனிக்குள்ளேயே மறைத்துவைத்தது. அந்த அடக்கம் இங்கேயும் இருந்திருக்கலாம். ஆயினும் படகு நடுக்கடலை அடைந்த பிறகு, கோகுல் பினாயின் ஒளிப்பதிவில் நான்கு பக்கமும் இருளும் நீருமாகச் சூழ, ஒதுங்கிக்கொள்ள ஒரு மூலைகூட இல்லாத மரத்தளத்தில் சிலர் உயிருக்குப் போராடும் பகுதி, அண்மைக்காலத் தமிழ்ப் பேய்ப்படங்கள் எதிலும் காணக் கிடைக்காதது.

வெளியீட்டின்போது தவறவிட்ட படத்தை மக்கள் பின்னர் தேடிப் பார்ப்பதும் உண்டு. 2018இல் வெளிவந்த இந்திப் படமான ‘தும்பாட்’, 2024 செப்டம்பரில் மீண்டும் திரைக்கு வந்தபோது முதல் வெளியீட்டைவிட அதிகம் வசூலித்தது. ‘கிங்ஸ்டன்’ அந்த வாய்ப்புக்குத் தகுதியானது. படத்தின் களமான தூத்துக்குடிப் பகுதியைச் சேர்ந்த ஓட்டப்பிடாரம் என்றதும் வ.உ.சி.யும் கட்டபொம்மனும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அவ்வட்டாரத்தின் கிழக்கே தருவைகுளம் போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் படகுகள் இன்றும் போய்க்கொண்டிருக்கின்றன, அவற்றில் போனவர்களைக் கரையிலிருந்து எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களுக்கு இப்படத்தின் அச்சத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. பிற ஊர்களின் திரை ஆர்வலர்கள் முதற்பாதியைச் சற்றுப் பொறுமையோடு கடந்துவிடுவது நல்லது. இருள் மிகுந்த இரண்டாம் பாதி கைபேசியின் சிறு திரையில் தெளிவற்றுப்போகும் என்பதால், விளக்கணைத்த அறையில், கூடியவரை பெரிய திரையில், அலையோசையும் படகின் முனகலும் தனித்தனியே கேட்கும்படி ஒலியைக் கூட்டிவைத்துப் பார்ப்பதே பொருத்தம்.